கட்டடப் படத்தைச் சுவரளவுக்கு அச்சடிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கட்டடங்களைப் படம் எடுப்பவன். செட்டிநாட்டு வீடுகள், கோயில்கள், சென்னையின் பழைய செங்கல் கட்டடங்கள். எடுத்ததில் பாதிக்கு மேல் 3 அடியிலிருந்து 12 அடி வரை அச்சாகி யாரோ ஒருவர் சுவரில் தொங்குகிறது. போனில் பார்க்க நன்றாக இருந்த படம் 8 அடிக்கு வந்ததும் ஏன் இப்படி ஆயிற்று என்று பலரும் கேட்கிறார்கள். கேட்டவை, நான் சொன்னவை எல்லாம் கீழே.

என்னிடம் 24 மெகாபிக்சல் கேமராதான் இருக்கிறது. 10 அடிக்கு அச்சடிக்க முடியுமா?

முடியும். ஆனால் யார், எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் படம் என்பது ஏறக்குறைய 6000க்கு 4000 பிக்சல். 10 அடி என்றால் 120 அங்குலம், 6000-ஐ 120 ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல். இது போதுமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. நல்ல கண்பார்வை உள்ளவரால் பிரித்துப் பார்க்க முடிகிற நுணுக்கத்தை வைத்துப் போட்டது: 3438-ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்துக்கொள்ளுங்கள். 3 அடி தள்ளி நின்றால் 95 பிக்சல் வேண்டும், 6 அடி என்றால் 48, 10 அடி என்றால் 29 போதும். ஆக உங்கள் படம் 6 அடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெளிவாகவே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் கட்டடப் படத்தை யாரும் 6 அடியிலேயே நின்று பார்ப்பதில்லை. கடற்கரை, மலை என்றால் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கோபுரம் என்றால் கிட்டே வந்து சிற்பம் சிற்பமாகப் பார்ப்பார்கள், கல்வெட்டு இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், வீடு என்றால் "இதோ இந்த ஜன்னல் நம்ம ரூம்" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். அதனால் கட்டடத்துக்கு நான் அங்குலத்துக்கு 100 பிக்சலுக்குக் குறைய விரும்புவதில்லை. அப்படியென்றால் ஒரே ஷாட்டில் 24 மெகாபிக்சல் 5 அடிக்குத்தான் சரியாக வரும், அதற்கு மேல் வேண்டுமென்றால் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

லேபில் "300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருந்தால்தான் எடுப்போம்" என்கிறார்கள். என்ன செய்வது?

300 என்பது கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள கணக்கு. 8 அடிப் படத்துக்கு அது தேவையே இல்லை. அவர்களோடு வாதாட வேண்டாம், "முழு அளவில் 100, நான் பொறுப்பு" என்று சொல்லிவிடுங்கள். ஃபைலில் இருக்கும் எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது, படம் சின்னதாகக் கணக்காகும், அவ்வளவுதான். பிரின்டர் ஒரு அங்குலத்தில் எத்தனை மைத்துளி வைக்கிறது என்பது வேறு, உங்கள் ஃபைலில் எத்தனை பிக்சல் என்பது வேறு. கடைக்காரர் 1440 என்று சொன்னால் அது முதலாவது.

எடுக்கும்போதே என்ன செய்தால் பெரிய அளவுக்கு உதவும்?

துண்டு துண்டாக எடுத்து ஒட்டுங்கள். கேமராவை நெட்டாகத் திருப்பி, 50 மிமீ மாதிரி கோடுகளை வளைக்காத லென்ஸில், ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கும்படி பக்கவாட்டில் நான்கு படம். 24 மெகாபிக்சலிலேயே சுமார் 12,000க்கு 6000 பிக்சல் கிடைக்கும். 10 அடிக்கு அங்குலத்துக்கு 100 வந்துவிட்டது. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றும் கைமுறையில் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வானம் படிக்கட்டு மாதிரி நிறம் மாறும். லென்ஸின் துளை எஃப்/8 பக்கம், ஐஎஸ்ஓ 100, கேமராவுக்கு ஸ்டாண்ட். எஃப்/16, எஃப்/22 என்று மூடிக்கொண்டே போனால் எல்லாம் ஃபோகஸில் இருக்கும், ஆனால் சின்னத் துளையில் ஒளி விரிந்து சிதறும் டிஃப்ராக்‌ஷனால் கல்லின் சொரசொரப்பு மழுங்கிவிடும்.

இந்த ஒட்டு வேலை டிஜிட்டலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்பவர், அப்போது சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து அச்சிட்டு ஒரே நீளச் சுருளாக ஒட்டியிருக்கிறார். 19 அடிக்கு மேல் நீளம். படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி அன்று பரவலாகக் கிடையாது, பெரும்பாலும் நெகட்டிவ் எந்த அளவோ அச்சும் அந்த அளவு. அந்தக் காலத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு சுவரைச் சுற்றி அடி அடியாக நகர்ந்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். அவரும் ரீடச் செய்தவர்தான். வெளிறிப்போன வானத்துக்கு நெகட்டிவின் மேலேயே வண்ணம் தடவி மேகம் வரைந்திருக்கிறார், மர இலைகளைச் சீர்செய்திருக்கிறார்.

கோபுரம் பின்னால் சாய்கிற மாதிரி வருகிறது. நேராக்கலாமா?

கேமராவை அண்ணாந்து பிடித்தாலே அப்படித்தான் வரும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடியது) இருந்தால் எடுக்கும்போதே சரியாகும், இல்லையென்றால் லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோ நேராக்க வேண்டும். ஆனால் கோயில் விஷயத்தில் மென்பொருளின் ஆட்டோ பொத்தானை அழுத்தாதீர்கள். அது சாய்வாக எதைக் கண்டாலும் நிமிர்த்தப் பார்க்கும். தஞ்சை விமானம் கீழே இரண்டு அடுக்குச் சுவராகச் செங்குத்தாக எழுந்து, அதற்கு மேல் 13 தளங்கள் கூம்பிக்கொண்டே போகிறது. அந்தக் கூம்பல் கட்டியவர்கள் வைத்தது. நிமிர்த்த வேண்டியது கீழ்ச்சுவரை மட்டும். கோஷ்டத்தின் (சுவரில் உள்ள சிற்ப மாடம்) இரு பக்கத்து அரைத்தூண், வாசல் நிலை, கொடிமரம், இப்படி நிஜமாகவே செங்குத்தாக இருப்பதில் இரண்டு கோடு கைமுறையாகப் போட்டுச் சரிசெய்யுங்கள், மேலே இருப்பது தானாகத் தன் இடத்துக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சை விமானத்தின் ஓரக்கோடு நேர்கோடு. கங்கைகொண்ட சோழபுரத்தில் அதே கோடு உள்வாங்கி வளைந்து மேலே போகும், அந்தக் கோயிலின் அழகே அந்த வளைவுதான். வைடு லென்ஸ் தன் பங்குக்குக் கோடுகளை வெளிப்பக்கமாக உப்ப வைக்கும். அதை மென்பொருளில் சரிசெய்யும் லென்ஸ் புரொஃபைல் போடாமல் விட்டால் தஞ்சை கொஞ்சம் தொந்தி வைத்துவிடும், சோழபுரத்தின் வளைவு பாதி காணாமல் போகும். போனில் யாருக்கும் தெரியாது. 8 அடி உயரத்தில், அந்தக் கோயிலைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நின்றால் "என்னமோ மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது சரி.

முழுக்க நிமிர்த்தவும் வேண்டாம். தரையிலிருந்து எடுத்த உயரமான கட்டடத்தை நூறு சதவீதம் நேராக்கினால் உச்சி பெருத்து, கலசம் இழுத்துவிட்ட மாதிரி நீளும். நான் ஒரு இழை சாய்வை விட்டு வைப்பேன். மேல்பகுதியை இழுக்கும்போது அங்கே பிக்சலும் இளகுகிறது என்பதையும், ஓரங்கள் வெட்டுப்படும் என்பதையும் மனதில் வைத்து எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

மின்கம்பி, டிஷ் ஆன்டெனா, சுவரொட்டி, விரிசல், பாசி. எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது?

எனக்கு இதில் ஒரே ஒரு அளவுகோல்தான். வந்து போவதை எடுக்கலாம், கட்டடத்தோடு இருப்பதை எடுக்கக் கூடாது. குப்பைத் தொட்டி, நிறுத்தியிருந்த பைக், சுவரொட்டி, குறுக்கே போகும் கேபிள், ஒரு காக்கை, இதெல்லாம் நாளைக்கே இருக்காது. விரிசல், மழைநீர் வழிந்த கறை, உடைந்த சுதைப் பொம்மையின் கை, வேறு நிறத்தில் மாற்றிப் போட்ட ஓடு, இதெல்லாம் அந்தக் கட்டடத்தின் வயது.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் வளவைப் படம் எடுத்திருந்தேன். நான்கு பக்கமும் பர்மாத் தேக்குத் தூண், நடுவில் திறந்த முற்றம், கீழே ஆத்தங்குடிக் கல். ஒரு தூணின் இடுப்பளவில் மட்டும் மெருகு போய் வெளுத்து, ஒரு கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. திரையில் பார்த்தபோது கறை என்றுதான் தோன்றியது, ஹீலிங் பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சட்டென்று தடுத்தார். "அதை விடுங்க தம்பி. எங்க அப்பத்தா அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினமும் முற்றத்துல இறங்குவாங்க." அந்தப் படம் இப்போது 7 அடியில் அவர்கள் வீட்டு மாடிப்படி அருகே இருக்கிறது, வருகிறவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது அந்த வெளுப்பைத்தான். அன்றிலிருந்து நான் கட்டடத்தில் எதையும் தொடுவதற்கு முன் அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிடுகிறேன்.

ஏசி யூனிட், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி போன்றவை நடுவில் நிற்பவை. வீட்டுக்காரர் சுவரில் மாட்டவென்றால் எடுத்துவிடுவேன். பாதுகாப்புப் பணிக்கோ ஆவணத்துக்கோ என்றால் தொடவே மாட்டேன், கம்பியைக்கூட.

கம்பியை அழித்தால் அழித்த தடம் தெரிகிறது.

வானத்தின் மேல் போகிற கம்பி சுலபம். செங்கல் சுவரின் மேல் போவதுதான் வேலை வாங்கும். சென்னை உயர் நீதிமன்றம் மாதிரி செங்கல் வரிசை வரிசையாகத் தெரிகிற கட்டடத்தில் ஆட்டோ ஃபில் போட்டால் காரைக் கோடு ஓரிடத்தில் அறுந்து, இன்னொரு இடத்தில் கல் பாதியாகி நிற்கும். குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, ஒரு காரைக் கோட்டின் மேல் ஆல்ட் அழுத்தி, அதே கோடு ஓடும் வழியில் வைத்துத் தேயுங்கள். வரிசை அப்படியே தொடரும். சுவர் கோணத்தில் ஓடுகிறது என்றால் போட்டோஷாப்பின் வானிஷிங் பாயின்ட் ஃபில்டரில் சுவரின் தளத்தைக் கட்டம் போட்டுக் காட்டிவிட்டால், தூரம் போகப் போகக் கல்லைச் சின்னதாக்கிக் குளோன் செய்யும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். ஒரே கறை மூன்று இடத்தில் வந்தால் பெரிய அச்சில் கண் நேராக அங்கேதான் போகும். கம்பியை அழித்துவிட்டு அதன் நிழலை மறப்பதும் நிறைய நடக்கிறது.

ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமா?

சமதளச் சுவர், மரம், வானம், மொசைக் தரை, இவற்றுக்கு இரண்டு மடங்கு வரை பரவாயில்லை, நானும் பயன்படுத்துகிறேன். சிற்பம், முகம், எழுத்து இருக்கிற இடத்தில் வேண்டாம். அந்த மென்பொருள் இல்லாத நுணுக்கத்தைக் கண்டுபிடிப்பதில்லை, தான் முன்பு பார்த்த படங்களை வைத்து ஊகித்து வரைகிறது. நான் ஒருமுறை கல்வெட்டு உள்ள ஒரு சுவரை நான்கு மடங்கு பெரிதாக்கினேன். தூரத்திலிருந்து பார்க்கக் கத்தி மாதிரி கூர்மை. கிட்டே போய்ப் படித்தால் ஒரு எழுத்துகூட எழுத்தாக இல்லை, தமிழும் இல்லை, கிரந்தமும் இல்லை, எழுத்து மாதிரி வளைந்த கோடுகள். ஆயிரம் வருடம் கல்லில் நின்றதை என் கணினி பத்து நிமிடத்தில் அழித்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. துவாரபாலகர் முகங்களுக்கும் இதே கதி, எல்லோருக்கும் ஒரே மூக்கு வரும்.

அவசியம் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லேயர் (அடுக்கு) வையுங்கள். கீழே சாதாரண பைக்யூபிக் முறையில் பெரிதாக்கியது, மேலே ஏஐ செய்தது. மாஸ்க் போட்டு, சிற்பமும் எழுத்தும் உள்ள இடத்தில் மேல் லேயரை அழித்துவிடுங்கள். கொஞ்சம் மழுங்கலாக இருந்தாலும் அது உண்மையான கல்.

வானத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் சென்சார் தூசி. 20 பிக்சல் அகலமுள்ள ஒரு புள்ளி, அங்குலத்துக்கு 100 என்ற கணக்கில், அச்சில் 5 மில்லிமீட்டர் அழுக்குப் பொட்டாக வரும். கண்டுபிடிக்க ஒரு வழி: மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு அதைக் கன்னாபின்னாவென்று செங்குத்தாக வளைத்துவிட்டு, 100 சதவீதத்தில் இடமிருந்து வலம், வரிசை வரிசையாகப் போங்கள். ஒளிந்திருந்த பொட்டெல்லாம் கறுப்பாகத் துள்ளி வெளியே வரும். துடைத்து முடித்ததும் அந்த லேயரை நீக்க மறக்க வேண்டாம்.

அடுத்து பட்டை பட்டையாக வருவது. 8 பிட் ஜேபெக்கை வைத்துக்கொண்டு நீல வானத்தை இழுத்தால் இப்படித்தான் ஆகும். ரா (RAW, கேமரா பதப்படுத்தாத ஃபைல்) ஆக எடுத்து 16 பிட்டிலேயே கடைசி வரை வேலை செய்யுங்கள். அப்படியும் வந்தால் வானத்தில் மட்டும் துளி கிரெய்ன் தூவினால் அடங்கிவிடும்.

கோபுர ஓரத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வருகிறதே, அது ஷேடோ, கிளாரிட்டி இரண்டையும் தள்ளிக்கொண்டே போனதால் வருவது. வெள்ளைச் சுவரும் வானமும் சேரும் கோட்டில் ஊதா விளிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை மாதிரி முழு வெள்ளைக் கட்டடத்தில் இது எல்லா ஓரத்திலும் ஓடும். 3 பிக்சல் விளிம்பு, அங்குலத்துக்கு 50 பிக்சல் அச்சில் ஒன்றரை மில்லிமீட்டர்.

வானத்தையே மாற்றுவது பற்றிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. பெரிய கோயில் கிழக்கு பார்த்தது, முகப்பில் காலை வெயில் அடிக்கும்போது அதன் பின்னால் செக்கச்சிவந்த சூரியன் மறையும் வானத்தை ஒட்டினால், ஊர்க்காரர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேகமூட்டம் என்றால் இன்னொரு நாள் போங்கள்.

வீட்டின் உள்ளே எடுத்தால் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம்.

முற்றத்திலிருந்து வருவது வானத்தின் நீல வெளிச்சம், உள்ளே மஞ்சள் பல்பு, இன்னொரு மூலையில் டியூப் லைட். முடிந்தால் விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்து வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், அந்த வீடுகள் அந்த வெளிச்சத்துக்காகக் கட்டியவைதான். முடியாது என்றால் ரா ஃபைலிலேயே பகுதி பகுதியாக மாஸ்க் போட்டு வொயிட் பேலன்ஸை மாற்றுங்கள், ஆனால் பல்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மஞ்சளை விட்டு வையுங்கள், முழுக்க எடுத்தால் சுவர் பிணம் மாதிரி வெளுக்கும். ஆத்தங்குடிக் கல்லின் நிறத்தை ஊகித்துப் போடாதீர்கள். ஒரு ஷாட்டில் 24 கட்ட வண்ண அட்டையைத் தரையில் வைத்து எடுத்துக்கொண்டால் பிறகு யாரோடும் சண்டை இல்லை.

வெளிச்ச வித்தியாசத்துக்கு ஐந்து ஷாட், எக்ஸ்போஷர் மாற்றி மாற்றி. ஆட்டோ எச்டிஆர் வேண்டாம், கையால் மாஸ்க் போட்டுச் சேருங்கள். ஜன்னலுக்கு வெளியே உள்ளே அளவுக்கே வெளிச்சம் இருந்தால் போஸ்டர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும், ஒரு ஸ்டாப்பாவது (இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக இருக்கட்டும். செட்டிநாட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், பளிங்கு மாதிரி ஒரு மெல்லிய மினுமினுப்பு. நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கண்மூடித்தனமாகப் போட்டால் முதலில் போவது அதுதான், அப்புறம் அது நேற்று அடித்த டிஸ்டெம்பர் சுவர்.

திரையில் இருந்த நிறம் அச்சில் இல்லை. நீல வானம் ஊதாவாகிவிட்டது. படம் இருட்டாகவும் வந்திருக்கிறது.

இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மானிட்டர். கடையில் வாங்கி வந்த வெளிச்சத்திலேயே வைத்திருப்பீர்கள். 100 கேண்டெலா பக்கம் இறக்கி, கேலிபிரேஷன் கருவி வைத்துச் சரிசெய்யுங்கள். இரவல் வாங்கியாவது மாதம் ஒருமுறை செய்யலாம்.

ஊதா வானம், ஆழ்ந்த நீலத்தை அச்சு மைகளின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது மெஜந்தா தூக்கலாக விழுவதால் வருவது. ஃபிளெக்ஸ், வினைல் கடைகளில் இது தினப்படி நடக்கிறது. அனுப்புவதற்கு முன் நீலத்தில் மட்டும் மெஜந்தாவைக் குறையுங்கள். நல்ல போட்டோ பிரின்டரில் அடிக்கிறார்கள் என்றால் நீங்களே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றவே கூடாது, அடோப் ஆர்ஜிபியில் கொடுங்கள். கடைக்காரரிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்கி, சாஃப்ட் புரூஃப் போட்டு, அச்சில் வரும் நிறத்தைத் திரையிலேயே பாருங்கள். புரொஃபைல் என்றால் என்னவென்று கேட்கும் கடை என்றால் எஸ்ஆர்ஜிபியில் கொடுத்துவிட்டு மாதிரித் துண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு எல்லைகளைக் கவனியுங்கள். மேட் தாளில் அடர்கறுப்புக்குப் பக்கத்து நிழல்கள் எல்லாம் ஒன்றாக மூடிக்கொள்ளும், மண்டபத்தின் உள் தூண்கள் காணாமல் போகும், அதனால் நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். வெள்ளைச் சுவரை 255-க்கு (முழு வெள்ளை) விடாதீர்கள், அங்கே மையே விழாது, பளபளப்புத் தாளில் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். 245 பக்கம் நிறுத்தினால் சுவருக்கு உடம்பு இருக்கும்.

கூர்மை எவ்வளவு போடலாம்?

இரண்டு தடவை. ரா ஃபைலில் ஒரு தடவை லேசாக. அப்புறம் அச்சு அளவுக்கு மாற்றி முடித்த பிறகு, கடைசியில் ஒரு தடவை. நடுவில் வேண்டாம். மேட் தாளும் கேன்வாஸும் மையை உறிஞ்சும், அதனால் திரையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் அளவுக்குப் போடலாம். வானத்தை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள்.

அளவை முடிவு செய்ய எனக்குப் பிடித்த வழி இது. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். உங்கள் ஃபைல் 100 என்றால், 100 சதவீதத்தில் திரையில் தெரிவது ஏறக்குறைய அச்சின் நிஜ அளவு. எழுந்து, பார்க்கிறவர் நிற்கும் தூரத்தில் நின்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்தால் எப்போதும் அதிகமாகத்தான் போடுவீர்கள்.

எந்தத் தாளில் அடிக்கலாம்?

கல், சுண்ணாம்பு, மரம் என்றால் 300 ஜிஎஸ்எம் பக்கம் உள்ள பருத்தி மேட் தாள். கல்லைக் கல்லாகக் காட்டும். கண்ணாடி, உலோகம் உள்ள புதுக் கட்டடங்களுக்கு பளபளப்பு அல்லது லஸ்டர் (அரைப் பளபளப்பு) தாள். கேன்வாஸ் எனக்குக் கட்டடத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதன் நெசவு செங்கல் வரிசையோடு மோதும். தவிர, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சட்டத்தில் தளர்ந்துபோகும். நேர்கோடாக நிற்க வேண்டிய தூண் அப்போது நேராக நிற்காது. வெளியே, வெயிலில் என்றால் வினைலை சன்போர்டிலோ (கெட்டி ஃபோம் பலகை) ஏசிபி ஷீட்டிலோ (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) ஒட்டி மேட் லேமினேஷன். ஃபிளெக்ஸ் நான்கு நாள் விழாவுக்குப் போதும், பல வருடம் இருக்க வேண்டியதற்கு வேண்டாம்.

ஃபைலை எப்படிக் கொடுப்பது?

லேயர்களை ஒன்றாக்கி, முழு அளவில், டிஃப் (TIFF) ஃபைலாக. 12,000க்கு 6000 பிக்சல் 16 பிட்டில் 430 எம்பிக்கு மேல் வரும், பென் டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். கடை 8 பிட்தான் எடுக்கும் என்றால் கடைசிப் படியில் மட்டும் மாற்றுங்கள். ரோலின் அகலத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், போட்டோ பிரின்டர்களில் 24, 44, 64 அங்குலம் வழக்கம். அதைத் தாண்டினால் துண்டாக வரும். இணைப்பு எங்கே விழ வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வானத்தின் நடுவிலும் சிற்பத்தின் முகத்திலும் விழக் கூடாது, தூண் சுவரைச் சந்திக்கும் நிழல் கோட்டில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. கேன்வாஸைச் சட்டத்தில் மடிப்பதாக இருந்தால் நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதல் வேண்டும். மறந்துவிட்டால் கலசம் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

நேரே முழு அளவில் அடித்துவிடலாமா?

வேண்டாம். முழு அளவிலிருந்தே ஏ4 அளவுக்கு மூன்று துண்டு வெட்டி எடுங்கள். அதிக நுணுக்கம் உள்ள இடம், இருட்டான இடம், வானமும் கட்டடமும் சேரும் இடம். அதே தாளில், அதே மெஷினில் அடிக்கச் சொல்லி வாங்கி, படம் தொங்கப்போகும் அறைக்கே கொண்டுபோய், அந்தச் சுவரில் டேப்பால் ஒட்டி, அந்த விளக்கைப் போட்டுப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டில் சரியாக இருந்த சுண்ணாம்பு வெள்ளை, வீட்டின் மஞ்சள் எல்இடியில் வெண்ணெய் நிறமாகும். ஒரு மாதிரித் துண்டின் செலவு, 8 அடியைத் திரும்ப அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி மீறல் ஆகாது. ஆனால் இடத்துக்கு இடம் தனி விதி உண்டு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ஸ்டாண்ட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கோயில் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. தனியார் வீடு என்றால், அச்சடித்து விற்கப் போவதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அச்சாகி வந்த பிறகு?

மை காய ஒரு நாளாவது திறந்து வைத்துவிட்டுத்தான் ஃபிரேம் போட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை. வெளிச்சுவரின் உள்பக்கம் மழைக்காலத்தில் ஈரம் கோக்கும், அங்கே மாட்டுவதாக இருந்தால் ஃபிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு வைத்துக் காற்று போக இடம் விடுங்கள்.

லேயர்கள் உள்ள ஃபைலைத் தனியாகவும், அச்சுக்குக் கொடுத்ததைத் தனியாகவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஃபிரேம் போடுவதற்கு முன் அச்சின் பின்பக்கம், ஓரமாக, மெல்லிய பென்சிலால் நான் எழுதி வைப்பது இவ்வளவுதான்: ஊர், தேதி, தாளின் பெயர், அப்புறம் எதை எடுத்தேன் என்பது. காரைக்குடி வீட்டுப் படத்தின் பின்னால் "நீக்கியது: கொடிக்கயிறு, ஸ்விட்ச் போர்டு ஒயர். மற்றதெல்லாம் இருந்தபடி" என்று இருக்கிறது.